புழுதியும் எருவும்: இரு குறள்கள் முரண்படுகின்றனவா?

திருக்குறளின் 104ஆம் அதிகாரமாகிய உழவைக் கற்பிக்கும் ஆசிரியரை மாணவர் மடக்கும் இடம் ஒன்றுண்டு. உழுத மண்ணில் ஒரு பலம் கால் பலமாகுமாறு காயவிட்டால், ஒரு கைப்பிடி எருவும் இன்றியே பயிர் செழிக்கும் என்கிறது 1037ஆம் குறள். அதனை அடுத்து நிற்கும் 1038ஆம் குறளோ, ஏர் உழுவதைக் காட்டிலும் எரு இடுதல் நன்று என்கிறது. எரு வேண்டா என்று சொன்னவரே மறுகணம் எருவே மேல் என்பது எங்ஙனம் பொருந்தும்?

இதற்கு இருவகை விடைகள் கூறப்படுவதுண்டு. முதற்குறள் வெறும் உயர்வு நவிற்சி என்று தள்ளிவிடுவது ஒன்று. வள்ளுவர் இன்றைய மண் வேதியியலை அன்றே கண்டுரைத்தார் என முழங்குவது மற்றொன்று. முன்னது குறளில் உள்ளதைக் குறைக்கிறது. பின்னது இல்லாததைக் கூட்டுகிறது. இரண்டும் மாணவருக்கு நன்மை செய்வன அல்ல.

முதலில் அளவை நோக்குவோம். ஒரு பலம் கால் பலமாக வேண்டுமாயின், அம்மண்ணில் நான்கில் மூன்று பங்கு நீராக இருந்திருத்தல் வேண்டும். அத்தகையது மண் அன்று, கூழ். சதுப்புக் கரிமண் நீங்கலாக, உழுவதற்கேற்ற பதத்திலுள்ள மண்ணில் நீர் அதன் எடையில் பாதியைக்கூட எட்டுவதில்லை. எனவே, அளவு தராசிட்டு நிறுத்ததன்று. நன்கு காய்தல் வேண்டும் என்பதை வற்புறுத்த வந்தது. அவ்வளவில் அது உயர்வு நவிற்சியே. ஆயினும், அளவு மிகை என்பதனால் கருத்தும் பொய்யாகிவிடாது.

காய்ந்த மண் நனையும்போது நிகழ்வதை அறிவியலார் ஆராய்ந்துள்ளனர். கிழக்காப்பிரிக்க மண்ணைக் கொண்டு தாம் நடத்திய சோதனைகளை 1958இல் பர்ச் என்னும் ஆய்வாளர் வெளியிட்டார். மண் காயும்போது நுண்ணுயிர்களில் பல மடிகின்றன. மட்கின் கட்டும் தளர்கிறது. மீண்டும் ஈரம் பட்டதும், எஞ்சிய நுண்ணுயிர்கள் பெருகி அவற்றைச் சிதைக்கின்றன. அப்போது கரியமிலவாயு வெளிப்படுகிறது. நைட்ரஜன் என்னும் தழைச்சத்து பயிர் உண்ணும் வடிவில் விடுபடுகிறது. நெல்வயலில் இதனைக் கண்ட ஜப்பானிய ஆய்வாளர், காய்மண் விளைவு என்ற பொருளிலேயே பெயரிட்டனர். கோடையுழவு செய்து புழுதியைக் காயவிட்ட உழவன் காரணத்தை அறிந்திலன்; பயனை அறிந்திருந்தான். புலவர் பாடியது அவன் பட்டறிவையே.

ஆனால், அந்தத் தழைச்சத்து எங்கிருந்து வந்தது? காய்தல் அதனைப் படைக்கவில்லை. மண்ணில் முன்பே சேர்ந்திருந்த மட்கிலிருந்து அது எடுக்கப்பட்டது. காயவிடுதல் களஞ்சியத்தைத் திறப்பது. எரு இடுதல் களஞ்சியத்தை நிரப்புவது. திறப்பதையே தொழிலாகக் கொண்டவன் ஒருநாள் வெறுங்களஞ்சியத்தைக் காண்பான். 1038ஆம் குறள் அடுத்தே நிற்பதன் பொருத்தம் இங்குப் புலனாகும்.

நிரப்புதலின் பயன் எத்துணைக்காலம் நிற்கும் என்பதற்கு இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணை சான்று. லாஸ், கில்பர்ட் இருவரும் 1843இல் அங்குத் தொடங்கிய கோதுமைச் சோதனையில், ஆண்டுதோறும் எக்டருக்கு 35 டன் தொழுவுரம் பெற்ற பாத்தியின் மட்கு, எரு காணாப் பாத்தியினதைப்போல் இருமடங்குக்கு மேல் உயர்ந்தது. 1852இல் தொடங்கிய வாற்கோதுமைச் சோதனையில், ஒரு பாத்திக்கு 1871 வரை எரு இட்டு அத்துடன் நிறுத்தினர். நூறாண்டு கடந்த பின்பும் அதன் விளைச்சல் எரு பெறாத பாத்தியினதை விஞ்சி நின்றது. பாட்டன் இட்ட எரு பேரன் காலத்திலும் பேசியது!

செயற்கை உரத்தைப் போதிய அளவு பெற்ற கோதுமைப் பாத்திகளும் எருப்பாத்திக்கு நிகராக விளைந்தன என்பதையும் மறைத்தல் ஆகாது. மிகுதியாக எரு இட்டால் தழைச்சத்து நைட்ரேட்டாக நிலத்தடி நீரில் இறங்கும் என்பதும் உண்மை. மேலும், கழிவெல்லாம் எரு ஆகிவிடாது. மட்காத வைக்கோலில் தழைச்சத்து ஒரு பங்கெனின் கரி ஏறத்தாழ எண்பது பங்கு. அதனை மண்ணிற் புதைத்தால், சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் தமக்கென இழுத்துக்கொள்ள, பயிர் வெளிறும். மட்கிய எருவுக்கு அக்குறை இல்லை. மலேசியச் செம்பனை ஆலைகளில் முன்னாளில் பழம் நீக்கிய குலைகளை எரித்துச் சாம்பலை உரமாக்கினர். சாம்பல்சத்து எஞ்சியது, கரியும் தழைச்சத்தும் புகையோடு போயின. அக்குலைகளையே மரத்தடியில் பரப்பும் இன்றைய முறை மண்ணுக்கு மட்கையும் சேர்க்கிறது.

1038ஆம் குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், உழுதல், எருவிடல், களையெடுத்தல், நீர்பாய்ச்சல், காத்தல் ஆகிய ஐந்தையும் அம்முறையே செய்ய வேண்டும் என்று கொண்டார். அவர் ஒன்றை நிறுத்தி மற்றொன்றை விலக்கவில்லை. இரு குறளையும் தனித்தனியே பிரித்து மனப்பாடம் செய்வித்தால் முரணே எஞ்சும். சேர்த்து வைத்துக் கற்பித்தால், நிலத்திலிருந்து எடுப்பவன் நிலத்துக்குக் கொடுக்கவும் கடமைப்பட்டவன் என்னும் அறம் விளங்கும். வகுப்பறையில் விளைய வேண்டிய பயிர் அதுவே.