வரவை மட்டும் எழுதும் கணக்கு

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது இலங்கையில் நடைமுறைக்கு வந்த கியூஆர் குறியீட்டு ஒதுக்கீடு, வரிசைகளைக் குறைத்ததற்காகப் பரவலாகப் பாராட்டப்பட்டது. வேண்டிய அளவு உரிய நாளில் சேர்ந்துவிட்டால் வழங்கல் வெற்றி என்னும் அதே அளவுகோல், பணித்தளங்களுக்குச் செல்லும் உராய்வுநீக்கிகளுக்கும், அதாவது என்ஜின் ஒயில், ஹைட்ரோலிக் ஒயில், கிறீஸ் முதலியவற்றுக்கும், மறுபேச்சின்றிப் பொருத்தப்படுவதே தவறு.

உரிய நேரத்து வழங்கலின் அருமையை யாழ்ப்பாணத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டி, 2006இல் ஏ9 வீதி மூடப்பட்டதும் மீண்டும் தட்டுப்பாட்டைக் கண்ட குடாநாடு இது. கையிருப்பு எந்த அளவுக்கு இறங்கியதும் புதிதாகக் கேட்க வேண்டும் என்பதைக் காட்டும் மீள்கட்டளை மட்டத்தை முறையாக வகுத்தால் இயந்திரம் நிற்காது என்பதும் உண்மையே.

ஆனால் டீசல் எரிந்து தீர்வதால் தாங்கி நிரம்பியதுடன் அதன் வழங்கல் கணக்கு முடிகிறது; உராய்வுநீக்கி ஒயிலோ, ஊற்றியதில் பெரும்பகுதி கரியும் உலோகத் துகளும் கலந்து கறுத்து, வடிகால் ஆணியைக் கழற்றியதும் திரும்ப வெளியே வருகிறது. ஆகவே இன்று இறக்கப்படும் ஒவ்வொரு பரலும் சில மாதங்களில் அகற்றப்பட வேண்டிய ஒரு கழிவாகும் என்றிருக்க, வழங்கல் பட்டியலில் அதற்கென ஒரு நிரல்கூட இடப்படுவதில்லை. நிறைந்து வந்த லொறி வெறுமையாகத் திரும்புவது சிக்கனக் குறையாகக்கூட எண்ணப்படுவதில்லை.

வேறெங்கும் இது நிர்வாகக் குறையாக நின்றுவிடலாம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் செம்மண்ணுக்குக் கீழே இருப்பதோ வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக்கல். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் குடிநீரும் தோட்டத்து நீரும் அக்கல்லிடை நீரிலிருந்தே இறைக்கப்படுகின்றன. குடாநாட்டின் சுன்னாகம் மின்னிலைய எண்ணெய்க் கழிவு கிணறுகளைக் கெடுத்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அங்கு மின்னுற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அந்நிலையத்துக்கு எண்ணெய் போய்ச் சேரவில்லை என்பது எவருடைய முறைப்பாடுமன்று. வரத்து ஒழுங்காக இருந்தும் கழிவுக்கு வழி வகுக்கப்படாததே வழக்காயிற்று.

ஒரு கராஜில் சேரும் பழைய ஒயில் சில லீற்றர்தான், அதுவும் வேலித் தூணுக்கும் கூரை மரத்துக்கும் கறையான் தடுக்கப் பூசப்படுகிறது என்பது வழக்கமான சமாதானம். தூணில் பூசியது மாரிமழையில் கழுவுண்டு மண்ணில் இறங்குவதையும், சில லீற்றர்கள் பல கராஜ்களில் சேரும்போது சிலவாக இருப்பதில்லை என்பதையும் அது மறைக்கிறது. சட்டமும் இடமும் இல்லையென்று சொல்லவும் முடியாது. தேசிய சுற்றாடல் சட்டம் 1980 முதல் உண்டு, புத்தளம் சீமெந்து ஆலைச் சூளையில் இத்தகைய கழிவுகள் எரிக்கப்படுகின்றன. குறைவது அங்கே கொண்டுசெல்லும் பொறுப்பை ஏற்பவரே. அப்பொறுப்பு, அதே பாதையில் அதே வண்டியை அனுப்பும் விநியோகத் திட்டக்காரரையே சாரும்.

பழைய பரலைப் பெறாமல் புதிய பரலை இறக்காத திட்டமே குடாநாட்டுக்கு உரிய திட்டம். ஏனையவை எவ்வளவு நேரந்தவறாதவையாக இருந்தாலும், கிணற்றைக் கெடுக்கும் வேலையை நேரந்தவறாமல் செய்பவையே.