யோசேப்பின் களஞ்சியம்

யோசேப்பின் கதையைச் சகோதரர்களின் மன்னிப்போடு முடித்துவிடுவதே நமது வழக்கமான வாசிப்பு. ஆதியாகமம் 47ஆம் அதிகாரம் இன்னொன்றையும் சொல்கிறது. பஞ்சத்தால் கானானிலிருந்து வந்த யாக்கோபின் குடும்பம் எகிப்தில் நிலமும் உணவும் பெறுகிறது. அதே பஞ்சத்தில் எகிப்தியக் குடியானவர்கள் பணத்தையும் கால்நடைகளையும் இழந்து, இறுதியில் நிலத்தோடு தங்களையுமே பார்வோனுக்கு விற்கிறார்கள். விற்கப்பட்டதோ அவர்களது வயல்களில் சேகரித்த தானியம். ஆசாரியரின் நிலம் மட்டும் தப்புகிறது. ஏற்பாட்டாளன் யோசேப்பு, ஒருகாலத்தில் தானே அடிமையாக விற்கப்பட்டவன்.

யோசேப்பை அறியாத மன்னன் வந்ததும் இஸ்ரவேலரே அடிமைகளாகிறார்கள் என்கிறது யாத்திராகமம். இரண்டையும் பிரதி தொடர்புபடுத்தவில்லை, நாம் தொடர்புபடுத்தலாம். அயலவனின் இழப்பைக் காணாது அதிகாரத்தை மட்டுமே நம்பிய அகதிக்கு, பாதுகாப்பு அந்த அதிகாரத்தின் ஞாபகம் உள்ளவரைதான். விடுதலைப் பயணத்தை மட்டும் வாசிப்பது பாதி வாசிப்பே.