பேஜ் இல்லாத மேடை

எல்ஸ்மியர் வீதியில் இருக்கும் வோபர்ன் உயர்நிலைப் பள்ளி எங்கள் பிள்ளைகள் பலர் படித்த இடம். அதே பள்ளியில் எண்பதுகளில் படித்த எட் ரொபேர்ட்சனும் ஸ்டீவன் பேஜும் 1988இல் தொடங்கிய குழுதான் பேர்நேக்கட் லேடீஸ். அந்த ஒக்டோபர் முதலாம் திகதி நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில், பசித்தோருக்கு உணவு திரட்டும் நிகழ்ச்சியொன்றில் முதன்முதலாகப் பாடினார்கள். ஸ்காபரோ உலகுக்குக் கொடுத்த இசைக்குழுக்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

2009 பெப்ரவரியில் பேஜ் விலகினார். அவர் இல்லாத குழுவை அந்தப் பெயரால் அழைக்கலாமா என்ற வழக்கு ரசிகர்களிடையே அன்று தொடங்கியது, இன்னும் தீரவில்லை. பேஜ் பக்கம் நிற்பவர்களின் ஏக்கம் நியாயமானது. அவருடையது நாடக அரங்கை நிறைக்கும் கனத்த குரல். நீண்ட சுரத்தின் நுனியில் ஓர் அசைவு கொடுத்து நிறுத்துவார். ரொபேர்ட்சனோ பேசுவதுபோலப் பாடுபவர், சொற்களைப் பொரிந்து தள்ளுபவர். 1998இல் அமெரிக்கப் பட்டியலில் ஒரே ஒரு வாரம் முதலிடத்தில் இருந்த ‘வன் வீக்’ பாட்டைக் கேளுங்கள். ஒருவர் விரைந்தோட, மற்றவர் இழுத்துப் பிடிக்கிறார். குழுவின் உயிர் இந்த இழுபறியில்தான் இருந்தது.

கோயில் திருவிழாவில் மேளம் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்துக் காதுக்கு இந்த வழக்கு புதிதல்ல. இன்று யார் குழல், யார் தவில் என்று விசாரித்துவிட்டுத்தான் வீதியில் போய் இருப்பார்கள். அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் தெட்சணாமூர்த்தியின் தவிலையும் சேர்த்துக் கேட்டவர்களுக்கு 1975இல் தெட்சணாமூர்த்தி மறைந்தது பேரிழப்பு. ஆனாலும் பத்மநாதன் தொடர்ந்து வாசித்தார்; அவர்களும் தொடர்ந்து கேட்டார்கள்.

பேஜைப் பற்றியே பேசும் ரசிகர்கள் 1995இல் நடந்த மாற்றத்தை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஒலியைப் பொறுத்தவரை அதுவே பெரியது என்பேன். 1992இல் வந்த ‘கோர்டன்’ இசைத்தட்டில் ஜிம் கிரீகனின் டபுள் பாஸ், அவருடைய சகோதரர் அண்டியின் பியானோ, கொங்கா, மின்சாரம் இல்லாத கிட்டார் எல்லாம் சேர்ந்து மரத்தின் ஓசையாகக் கேட்கும். தெருமுனையில் நின்றே வாசித்துவிடலாம் போன்ற இசை. அண்டி விலகி கெவின் ஹேர்ன் வந்ததும் கீபோர்டும் அக்கோர்டியனும் புது நிறங்களைப் பூசின. மறுவருடம் வெளியான ‘ரொக் ஸ்பெக்டகல்’ நேரடிப் பதிவில் பழைய பாட்டுகளை இந்தப் புது ஐவர் வாசிப்பதைக் கேட்கலாம். அவர்களின் உச்சம் அதுதான். அதில் ‘பிரேக் யுவர் ஹார்ட்’ பாட்டில் பேஜ் பிடிக்கும் நெடுஞ்சுரம் ஒன்று போதும், அவருக்காக ஏங்குபவர்களை மன்னிக்க.

1998இல் புகழ் கதவைத் தட்டிய வேளையில் ஹேர்னுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. பயண மேடைகளில் கிறிஸ் பிரவுனும் கிரெக் கர்ஸ்டினும் அவருக்காக வாசித்தார்கள். அவர் குணமாகித் தன் இடத்துக்கே திரும்பினார். பேஜ் போனபோதோ பதிலுக்கு எவரையும் தேடவில்லை. அவரைப்போலப் பாடும் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் அரங்குகள் இன்னும் நிறைந்திருக்கலாம். நால்வராகவே நின்றார்கள். அந்தத் தன்மானத்தை நான் மதிக்கிறேன். நம் நகரத்தின் இன்னொரு குழுவான ரஷ், நீல் பேர்ட் 2020இல் மறைந்தபின் 2026 பயணத்துக்கு ஜெர்மனியின் அனிகா நில்லெஸை டிரம்ஸ் வாசிக்க அழைத்தது. அது பொருத்தமான முடிவு, நில்லெஸ் தன் பாணியில் வாசிக்கலாம். பேஜின் இடமோ பள்ளிக்கூட நாள்முதல் நடந்த உரையாடலில் ஒரு பாதி.

மேடையில் இவர்கள் அந்த நேரத்தில் தோன்றுவதையே பாட்டாக்குவார்கள். மில்லியன் டொலர் கிடைத்தால் என்ன செய்வேன் என்ற அவர்களது புகழ்பெற்ற பாட்டின் இடையே வரும் பேச்சு இரவுக்கு இரவு மாறும். அதில் வரும் மக்கரோனியின் பெயரைக் கேட்டதும் ரசிகர்கள் பெட்டி பெட்டியாக மேடைக்கு எறிந்த காலம் உண்டு. எறியாதீர்கள், உணவு வங்கிக்குக் கொடுங்கள் என்று குழுவே கேட்டுக்கொண்டது. இன்று அந்தப் பேச்சை நால்வரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பழைய கூர்மை குறைவு. ஒருவரையொருவர் கேட்டு வாசிக்கும் நிதானம் கூடியிருக்கிறது. பழைய பேஜ் பாட்டுகளில் மட்டும் வெற்றிடம் தெரிகிறது, அதை மறுக்க முடியாது.

2018 மார்ச்சில் வன்கூவரில், கனடிய இசைப் புகழரங்கில் சேர்க்கப்பட்ட இரவில் பேஜ் வந்து அவர்களுடன் பாடினார். அதைப் பார்த்தவர்கள் நிரந்தரமாகச் சேரச் சொல்லிக் கேட்டார்கள். நான் கேட்கமாட்டேன். பேஜ் இப்போது தன் மூவர் குழுவுடன் பாடுகிறார், குரல் முதிர்ந்து அழகாக இருக்கிறது. அவர் பாட்டுகளை அங்கே கேளுங்கள். நால்வரை, ஜிம் கிரீகனின் டபுள் பாஸுக்காகவாவது ஒரு கோடை இரவில் போய்க் கேளுங்கள்.