பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள்

தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனை ரவுண்டானாவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நின்று பாருங்கள். மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்த தார், குர்கா ஜீப்புகள் வரிசையாக நிற்கும். வருகிறவர்கள் டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள், கூரையில் கட்டிய லைட்டை எண்ணுகிறார்கள், வின்ச் எந்தக் கம்பெனி என்று விசாரிக்கிறார்கள், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பானெட்டைத் திறக்கச் சொல்லி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. ஏன் என்று கேட்டால், “அதெல்லாம் மெக்கானிக் சமாசாரம்” என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. டயரும் வின்ச்சும் காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். ஒருவர் தன் வண்டியை எந்த அளவுக்குப் புரிந்துவைத்திருக்கிறார் என்பது எழுதிவைத்திருக்கும் ஒரே இடம் பானெட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. அதைப் படிக்க மெக்கானிக்காக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதைக் கற்றுக்கொள்ள மண்டபத்தைவிட நல்ல ஊர் கிடையாது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எங்களுக்கு வடகடல், தென்கடல். கச்சான் காற்று அடித்தாலும் வாடைக்காற்று அடித்தாலும் உப்புதான் வரும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தார், இரும்பை உப்புக்காற்று எப்படித் தின்கிறது என்று பார்க்க மண்டபம் கேம்ப்பில்தான் சோதனை நிலையம் வைத்திருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனிரக பெயின்ட்டும் தேவைப்பட்டதும் இந்தக் காற்றால்தான். பாலத்துக்கே இந்தக் கதி என்றால், ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் ஒயருக்கு என்ன கதி என்று யோசியுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. 2017 ஜூலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு 9.5 கிலோமீட்டர் சாலை திறக்கும்வரை, முனைக்குப் போக மணலும் கடல்தண்ணீரும்தான் வழி. ஃபோர் வீல் ஜீப்புகளும் வேன்களும் ஆட்களை அடைத்துக்கொண்டு அந்த வழியில்தான் ஓடின. அவற்றின் பானெட்டுக்குள் இருந்ததெல்லாம் உப்புத் தண்ணீர் கற்றுக்கொடுத்த பாடம். சாலை வந்த பிறகு அந்தச் சவாரிக்குத் தேவை இல்லாமல் போனது. பாடம் இந்தக் கரையில் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது.

அடிப்படையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குக் காற்று, தண்ணீர், டீசல், கரண்ட் என்று நான்கு வேண்டும். பானெட்டைத் திறந்ததும் ஏர் கிளீனரைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எஞ்சின்வரை குழாயைக் கண்ணால் தொடருங்கள், அது காற்று. முன்னால் ரேடியேட்டர், மேலே ஒரு ஹோஸ், கீழே ஒரு ஹோஸ், அது தண்ணீர். ஃபில்டர் வழியாகப் பம்ப்புக்குப் போய் நான்கு மெல்லிய இரும்புக் குழாயாகப் பிரிவது டீசல். பேட்டரியிலிருந்து கிளம்புவது கரண்ட். மஹிந்திரா எம்எம் 540-இல் இருந்த 2112 சிசி பியூஜோ டீசலோ, பின்னால் வந்த 2523 சிசி டிஐ எஞ்சினோ, ஓட ஆரம்பித்த பிறகு கரண்ட்டைப் பெரிதாக நம்பியிருப்பதில்லை. பம்ப்பையே எஞ்சின்தான் சுழற்றுகிறது. அதனால்தான் தண்ணீர் தெறித்தாலும் அவை நிற்காமல் போயின. இன்றைய காமன் ரெயில் எஞ்சினுக்கு சென்சாரும் இசியு என்கிற கம்ப்யூட்டரும் இல்லாவிட்டால் உயிரில்லை. அவ்வளவுதான் அடிப்படை. இனி விஷயத்துக்கு வருவோம்.

பானெட்டுக்கு அடியில் எஞ்சின் இருக்கும் இடத்தை, அதாவது ‘எஞ்சின் பே’யை, மாற்றியமைப்பவர்களை நான் இரண்டு கட்சியாகப் பிரிப்பேன்: அடைப்பவர்கள், வடிப்பவர்கள். இந்த ஒரு பேதம் கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால் எந்த பானெட்டைத் திறந்தாலும் உங்களுக்குச் சொல்ல நாலு வார்த்தை இருக்கும். அடைப்பவர்களுக்குத் தண்ணீர் உள்ளே வரவே கூடாது. ஒயர் முழுக்க டேப், டேப்புக்கு மேல் நெளிகுழாய், ஜாயின்ட்டில் சிலிகான், பேட்டரிக்கு அடியில் ரப்பர் மேட், எங்கே சந்து தெரிந்தாலும் ஃபோம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். வடிப்பவர்கள் தண்ணீர் எப்படியும் வரும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வந்தது எங்கே சேரும், எந்த வழியாகப் போகும், போன பிறகு எவ்வளவு சீக்கிரம் காயும் என்பதுதான் அவர்களுடைய கவலை.

மண்டபத்தில் அடைப்பு ஏன் தோற்கிறது என்பதை விளக்கிவிடுகிறேன். எஞ்சின் ஓடும்போது எல்லாப் பாகமும் சூடாகி, உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. வண்டி கடல்தண்ணீரில் இறங்கினால் சட்டென்று குளிர்ந்து, அந்தக் காற்று சுருங்குகிறது. சுருங்கும்போது எந்தச் சிறு சந்து வழியாகவும் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். ஆக்ஸில், கியர்பாக்ஸ், கனெக்டர், லைட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். உறிஞ்சிய தண்ணீர் வெளியே போக வழியில்லை. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு தங்கிவிடும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கரையும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால், அதைவிட எவ்வளவோ குறைந்த ஈரப்பதத்திலும் அது நனைந்தே கிடக்கும். எங்கள் கரையில் ஒரு தடவை உப்பு நுழைந்த நெளிகுழாய் அடுத்த கோடை வந்தாலும் காயாது. டேப்பைப் பிரித்தால் செம்புக்கம்பி பச்சை பூத்திருக்கும். அந்தப் பச்சை, இன்சுலேஷனுக்குள்ளேயே கம்பியோடு ஏறிக்கொண்டு போகும். வெளியே ஒயர் புதுசாகவே தெரியும்.

கழுவினால் தீராதா என்று கேட்பீர்கள். குடிதண்ணீரையே குடக்கணக்கில் வாங்கிப் பழகிய மாவட்டம் இது. ஒவ்வொரு தடவையும் எஞ்சின் பேயை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. வடிப்புக் கலை இங்கே வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பக்கத்து வேதாளையில் ஒரு காக்கா, அதாவது முஸ்லிம் அண்ணன், எம்எம் 540 வைத்திருக்கிறார். போட் எஞ்சின் வேலை பார்த்த கை. முதல் தடவை நான் குனிந்து பார்த்தபோது, “என்ன தம்பி அவ்வளவு நேரமாப் பாக்குறீங்க? அங்க மினுக்குறதுக்கு ஒண்ணும் இல்லையே” என்றார். மினுக்க ஒன்றும் இல்லைதான். ஆனால் பின்சுவரின் உச்சியில் மூன்று கறுப்பு ஹோஸ்கள் பக்கத்தில் பக்கத்தில் ஏறி நின்றன. நுனி மூன்றும் கீழ்நோக்கி வளைந்திருந்தன, ஒவ்வொன்றின் முனையிலும் சின்ன ஃபில்டர். முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றுக்கும் மூச்சுக்குழாய்கள் அவை. அடியில் தண்ணீருக்குள் கிடக்கும் பாகம், மேலே உலர்ந்த இடத்திலிருந்து மூச்சு இழுக்கிறது. குளிர்ந்து சுருங்கினாலும் காற்றைத்தான் உறிஞ்சும், கடலை உறிஞ்சாது. என்னைக் கேட்டால், ஒரு எஞ்சின் பேயில் முதலில் தேட வேண்டியது இந்த ஹோஸ்களைத்தான். விலை பெரிதாக இருக்காது. பல லட்ச ரூபாய் செலவு செய்த வண்டிகளில் இவை இல்லாததைப் பார்த்திருக்கிறேன்.

அதே வண்டியில் ஒயர்களைப் பாருங்கள். எந்த ஒயரும் நேராகக் கனெக்டருக்குள் நுழைவதில்லை. நுழைவதற்கு முன்னால் ஒரு தடவை கீழே தொங்கி, அப்புறம் மேலே ஏறித்தான் நுழைகிறது. ஒயர் வழியாக ஓடிவரும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் ஏறாது. ரிலே பெட்டி வாய் கீழ்நோக்கி மாட்டியிருக்கிறது. டேப் முழுக்கச் சுற்றாமல் சாண் இடைவெளி விட்டு விட்டுச் சுற்றியிருக்கிறது, நடுவில் காற்றாடும். பேட்டரித் தட்டில் மேட் இல்லை, நான்கு மூலையிலும் ஓட்டை. ஒயரே போட்டுக்கு வாங்கும் வெள்ளீயம் பூசிய செம்பு. பச்சை பூப்பது அதில் எவ்வளவோ குறைவு. ஒரே ஓர் இடத்தில்தான் அவர் அடைத்திருந்தார்: ஒயர் நுனியில் லக்கை நசுக்கி மாட்டிய பிறகு, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயைச் சூடுகாட்டி ஒயரோடு ஒட்டியிருந்தார். ஒரு விரல் நீளம். அடைக்க முடிந்ததை முழுசாக அடைத்து, முடியாததை முழுசாகத் திறந்துவிட்டிருக்கிறார். பாதி அடைப்புதான் எல்லாவற்றிலும் மோசம். அது தண்ணீரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும்.

கம்பெனியிலிருந்து வரும் சீல் போட்ட கனெக்டர்கள் மட்டமா என்றால், இல்லவே இல்லை. பிரிக்காதவரை அவை பிரமாதம். லைட் பார் மாட்டுகிறேன் என்று யாரோ ஒயரைக் கத்தியால் சீவி இன்னொரு ஒயரை முறுக்கிவிட்டார்களே, அந்த ஒரு வெட்டில் முழு சீலும் செத்துப்போகிறது. அப்புறம் ஒயரே திரிபோல வேலை செய்து உப்பை உள்ளே இழுத்துப்போகும்.

இப்போது நான் கோபப்படும் பகுதி. சிவப்பு, நீல சிலிகான் ஹோஸ் மாட்டி “கஸ்டம் எஞ்சின் பே” என்று வீடியோ போடுகிறார்கள். ஹோஸ் நல்லதுதான், கிளிப்பைப் பாருங்கள், பல்சக்கரக் கிளிப்பின் விளிம்பு மெத்து சிலிகானைக் கடித்துக்கொண்டிருக்கும். வீடியோவில் யாராவது கிளிப்பைக் காட்டியிருக்கிறார்களா? அடுத்தது, ஷோரூம் பளபளப்புக்காக எஞ்சின் முழுக்க அடிக்கும் ஸ்ப்ரே. உப்பையும் சேர்த்து மூடி வார்னிஷ் போடுகிற வேலை அது. ஆயில் கசிகிற இடம்கூடத் தெரியாமல் மறைத்துவிடும். அழுக்கான எஞ்சினைப் பெருமையாகக் காட்டுகிறவர்களையும் நான் சேர்த்துக்கொள்ள மாட்டேன். புழுதியும் ஆயிலும் சேர்ந்த சேறு ஈரத்தை வைத்துக்கொள்ளும். அதுவும் ஒருவகை அடைப்புதான்.

ஸ்நார்க்கல் விஷயம் இதைவிட மோசம். டீசல் எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் தெரியுமா? 2523 சிசி எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 631 சிசி. அமுக்க விகிதம் 18-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிச்சமிருக்கும் இடம் சுமார் 37 சிசி. ஒரு டீ கிளாஸில் பாதிகூட இல்லை. அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். அதனால் கூரை உயரத்தில் காற்றை இழுக்கும் ஸ்நார்க்கல் மாட்டுகிறார்கள், சரி. ஆனால் கூரைவரை குழாயை ஏற்றிவிட்டு, ஏர் கிளீனர் பெட்டியின் அடியில் இருக்கும் ஓட்டையையும், பெட்டியோடு மூடி சேரும் விளிம்பையும் அப்படியே விட்டால், தண்ணீர் குழாயை விட்டுவிட்டு அந்த ஓட்டை வழியாகப் போகும். பானெட்டைத் திறக்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது. வெளியே நின்று “ஸ்நார்க்கல் போட்டிருக்கான் பாரு” என்று வியப்பவர்களுக்காகத்தான் பாதி ஸ்நார்க்கல்கள் விற்கின்றன. குர்காவுக்கு 700 மில்லிமீட்டர், 2020 தாருக்கு 650 மில்லிமீட்டர் தண்ணீர் ஆழம் என்று கம்பெனி சொல்வதற்குப் பின்னால் இந்தக் குழாய்ப்பாதை முழுசும் இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் குழாய் மட்டும் இல்லை.

வண்டியில் கைவைக்கவே கூடாது என்று உபதேசிக்கும் விமர்சகர்களுக்கும் ஒரு வார்த்தை. அனுமதி இல்லாமல் எஞ்சினையே மாற்றுவது, கம்பெனி குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்துவது, இவற்றை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஒயரின் பாதையை மாற்றுவதும் மூச்சுக்குழாயை உயர்த்துவதும் பராமரிப்பு. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு “மாடிஃபிகேஷனே தப்பு” என்று எழுதுகிறவர்கள் கடற்கரையில் ஒரு வருஷம் வண்டி வைத்திருந்து பார்க்கட்டும்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்: காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது வண்டியைப் பார்க்கப் போங்கள். டார்ச் ஒன்று, துணி ஒன்று போதும். முதல் பார்வைக்குக் கண்ணைவிட மூக்கை நம்புங்கள். கூலன்ட் கசிந்தால் இனிப்பு வாடை அடிக்கும், கரிந்த ஒயர் தனியாகத் தெரியும். அப்புறம் வண்டிக்காரரின் அனுமதியோடு ஒயரைத் தொட்டு லேசாக வளைத்துப் பாருங்கள். நல்ல ஒயர் மெத்தென்று வளையும். உள்ளே பூத்த ஒயர் மொரமொரவென்று விரலுக்குத் தெரியும். ரேடியேட்டர் செம்பா அலுமினியமா என்று கேளுங்கள். செம்பு என்றால் ஓட்டை விழுந்தாலும் ராமநாதபுரத்தில் பற்றவைத்துவிடலாம். அதைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு வண்டி எங்கே நிற்கக்கூடும் என்பதும் தெரியும்.

வாயைத் திறக்கக் கூச்சமாக இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “பேட்டரி எர்த் எங்கண்ணே போட்டிருக்கீங்க?” பாடியில் ஒரு போல்ட்டைக் காட்டி நிறுத்தினால் அடுத்த வண்டிக்குப் போய்விடுங்கள். ஸ்டார்ட்டருக்குப் போகும் அத்தனை கரண்ட்டும் எர்த் வழியாகத்தான் திரும்ப வேண்டும். எஞ்சின் பிளாக்குக்கு நேராகத் தடித்த கேபிள் ஒன்று, அங்கிருந்து சேஸிஸுக்கு ஒன்று, பாடிக்குத் தனியாக ஒன்று என்று காட்டினால் நின்று கேளுங்கள். பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் லக்கை முடுக்கி, அதற்கு அப்புறம்தான் கிரீஸ் தடவினேன் என்று அவராகவே சொன்னால் அவர் வடிப்புக் கட்சி. டீ வாங்கிக் கொடுத்து, மூச்சுக்குழாய் எங்கே ஏற்றியிருக்கிறார் என்று கேளுங்கள்.