நிறுவலுக்கு முன்னே வந்த விடை

1991ஆம் ஆண்டு மே மாதம் கணிதர்களும் இயற்பியலர்களும் பெர்க்லியில் கூடியபோது ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள் இருந்தன. கேள்வி பழையது. ஐந்து மாறிகளில் அமைந்த ஐந்தாம் படிச் சமன்பாடு ஒன்று, கலப்பெண்களின் உலகில் முப்பரிமாண வெளி ஒன்றை வரையறுக்கிறது. பொதுவான அப்படியொரு வெளியில் எத்தனை நேர்கோடுகள் கிடக்கின்றன? 2,875 என்று ஹெர்மன் ஷூபர்ட் 19ஆம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டுவிட்டார். அடுத்து, இரண்டாம் படி வளைவரைகள் எத்தனை? 6,09,250 என்று ஷெல்டன் காட்ஸ் காட்டியது 1986இல். ஒரு படி ஏறுவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. மூன்றாம் படிக்கு நார்வேயின் எலிங்ஸ்ருடும் ஸ்ட்ரோமியும் கணினி நிரல் எழுதிக் கண்ட விடை 2,68,25,49,425. இழைக் கோட்பாட்டிலிருந்து வந்த காண்டெலாஸ், டி லா ஓசா, கிரீன், பார்க்ஸ் ஆகிய நால்வர் சொன்ன விடை 31,72,06,375.

ஒன்றை ஒன்று நெருங்கக்கூட இல்லாத இரு எண்கள். ஒருபுறம் வடிவியலின் முறையான கணக்கு. மறுபுறம், கணித நோக்கில் எந்த அடித்தளமும் இல்லாத ஓர் இயற்பியல் வாதம். அதே கோடையில் நார்வேக்காரர்கள் தங்கள் நிரலில் ஒரு பிழையைக் கண்டார்கள். திருத்தி ஓட்டியதும் வந்த எண் 31,72,06,375.

நவீன வடிவியலுக்கும் இழைக் கோட்பாட்டுக்குமான உறவைப் பேசுகிற எவரும் இந்த நிகழ்வைச் சொல்லாமல் விடுவதில்லை. பெரும்பாலும் ஒரு வெற்றிக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது ஆய்வு முறை ஒன்றின் பலத்தையும் குறையையும் ஒரே இடத்தில் வைத்துக் காட்டும் நிகழ்வாகவே படுகிறது. அதற்கு அந்த எண் எப்படி வந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

புள்ளி நகர்ந்தால் கோடு உண்டாகிறது. மூடிய இழை நகர்ந்தால் பரப்பு உண்டாகிறது. இழைக் கோட்பாட்டுக்குப் பத்துப் பரிமாணங்கள் தேவை. அவற்றில் ஆறு, கண்ணுக்கு எட்டாத அளவில் சுருண்டு கலாபி–யாவ் வெளியாக இருக்கலாம் என்று 1985இல் காண்டெலாஸ், ஹோரோவிட்ஸ், ஸ்ட்ராமிங்கர், விட்டன் ஆகியோர் முன்மொழிந்தார்கள். நமது ஐந்தாம் படி வெளி அவ்வகை வெளிகளில் மிக எளியது. இழை விரிக்கும் பரப்பு இந்த வெளிக்குள் ஒரு கோளமாகச் சுற்றிப் படியும் விதங்கள்தாம் வடிவியலார் தேடிய அதே வளைவரைகள். அவை ஒவ்வொன்றும் இயற்பியல் கணக்கில் ஒரு குவாண்டம் திருத்தமாக வந்து சேர்கின்றன. ஆகவே அந்த வளைவரைகளை எண்ணுவது இயற்பியலருக்கும் தேவையாயிற்று.

எண்ணும் வேலையைச் சுற்றிப்போக ஒரு வழி இருந்தது. இழைக் கோட்பாட்டின் சமன்பாடுகளில் ஒரு மின்னூட்டத்துக்குக் கூட்டல் குறி இடுவதா, கழித்தல் குறி இடுவதா என்பது வெறும் ஏற்பாடுதான். எதைத் தேர்ந்தாலும் இயற்பியல் மாறாது. ஆனால் வடிவியலில் அந்தக் குறி மாறினால் வெளியே வேறாகிவிடுகிறது. அப்படியானால் வேறுவேறான இரு வெளிகள் ஒரே இயற்பியலைத் தர வேண்டும். 1990இல் கிரீனும் பிளெஸரும் ஐந்தாம் படி வெளிக்கு இத்தகைய ஆடி வெளியைக் கட்டிக் காட்டினார்கள். ஒன்றின் ஆய்லர் எண் −200, மற்றதன் ஆய்லர் எண் +200. முதல் வெளியில் முடிவற்ற திருத்தங்களின் கூட்டுத்தொகையாக நிற்கும் கணக்கு, ஆடி வெளியில் ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கும் கணக்காகிவிடுகிறது.

அந்தச் சமன்பாட்டின் முதல் தீர்வு ஓர் அடுக்குத் தொடர். 5n-இன் காரணீயப் பெருக்கத்தை n-இன் காரணீயப் பெருக்கத்தின் ஐந்தாம் அடுக்கால் வகுத்தால் அதன் கெழுக்கள் கிடைக்கும்: 1, 120, 1,13,400 என்று போகும். பள்ளி மாணவர்கூடச் சரிபார்க்கலாம். இரண்டாம் தீர்வைக் கொண்டு மாறியை மாற்றி எழுதினால் ஒரு புதிய தொடர் வருகிறது. அதன் முதல் உறுப்பு 5, பின்னால் வரும் கெழுக்கள் 2,875, 48,76,875, 8,56,45,75,000. முதல் கெழுவே ஷூபர்ட்டின் நேர்கோடுகள். இரண்டாவதில் நேர்கோடுகளை இருமுறை சுற்றிவரும் பங்கான 2,875-ஐக் கழித்து, மிச்சத்தை 2-இன் முப்படியான 8-ஆல் வகுத்தால் காட்ஸின் 6,09,250 வருகிறது. மூன்றாவதில் அதே 2,875-ஐக் கழித்து 27-ஆல் வகுத்தால் 31,72,06,375. மிச்சமின்றி வகுபடுகிறது. வளைவரை என்ற சொல்லே வராத ஒரு கணக்கிலிருந்து வளைவரைகளின் எண்ணிக்கை வந்து விழுகிறது. மூன்றாம் படியோடு நிற்கவும் இல்லை. வேண்டிய படிவரை எல்லாமே ஒரே தொடரில் அடங்கியிருந்தன.

இந்த ஆய்வு முறையின் பெரும் பலம் இதுதான். வடிவியல் தன் வழியில் நடந்திருந்தால் இந்தக் கேள்வியை இப்படிக் கேட்டிருக்காது. ஒவ்வொரு படியையும் தனித்தனிக் கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த துறைக்கு, எல்லாவற்றையும் ஒரே சார்பின் கெழுக்களாகப் பார் என்று இயற்பியல் சொல்லிக்கொடுத்தது. தொடர்பே இல்லாதவை என்று கருதப்பட்ட இரண்டு வெளிகளைச் சோடியாகப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தது. இதிலிருந்து கோன்ட்சேவிச் 1994இல் சூரிக் மாநாட்டில் முன்வைத்த ஊகமும், 1996இல் ஸ்ட்ராமிங்கர், யாவ், சாஸ்லோ வரைந்த சித்திரமும் இன்றுவரை பல ஆய்வாளர்களின் வாழ்நாள் வேலையாக இருக்கின்றன. இவை இரவல் கருத்துகளாக நிற்காமல் வடிவியலின் சொந்தக் கேள்விகளாகவே வளர்ந்துவிட்டன.

குறைகளும் அதே கணக்கிற்குள்ளேயே இருக்கின்றன. நேர்கோட்டைப் பலமுறை சுற்றிவரும் பங்கு இவ்வளவுதான் என்று 1991இல் எவரும் நிறுவியிருக்கவில்லை. விடை முழு எண்ணாக வருகிறது என்பதே அதற்கு ஆதரவாக இருந்தது. அதைவிட ஆழமான சிக்கல், ‘வளைவரைகளின் எண்ணிக்கை’ என்றால் என்ன என்பதே தெளிவாக இல்லை. பத்தாம் படிக்குப் போனால் இது வெளிப்படுகிறது. அந்த வெளியில் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் ஐந்தாம் படித் தள வளைவரைகள் 1,76,01,000 இருக்கின்றன; அவற்றை இருமுறை சுற்றும் பங்கும் இயற்பியல் தரும் எண்ணுக்குள் புகுந்துவிடுகிறது. அதாவது இயற்பியல் எண்ணுவது நாம் எண்ணிக்கொண்டிருப்பதாக நினைத்த பொருளை அன்று. எதை எண்ணுகிறோம் என்பதை வரையறுக்கக் கணிதர்கள் கிரோமோவ்–விட்டன் மாறிலிகள் என்ற முழுக் கோட்பாட்டையே எழுப்ப வேண்டியிருந்தது. அந்த எண்களுக்குப் பின்னால் முழு எண்கள் மறைந்திருக்கின்றன என்பதற்கு ராஜேஷ் கோபகுமாரும் கும்ரன் வாஃபாவும் 1998இல் இயற்பியல் காரணம் சொன்னார்கள். அதை ஐயோனெலும் பார்க்கரும் நிறுவிய கட்டுரை வெளிவந்தது 2018இல்.

கணிப்புக்கும் நிறுவலுக்கும் இடையிலான இத்தகைய இடைவெளியில் செய்யப்படும் வேலைக்குப் பெயர் யாருக்கு? ஆர்தர் ஜாஃபியும் ஃபிராங்க் குவினும் 1993இல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் இதழில் எழுப்பிய கேள்வி இதுதான். ஊகமாகச் சொல்வதை ஊகமென்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும், நிறுவுகிறவர்களுக்குப் பெரும்பங்கு பெருமை மிஞ்ச வேண்டும் என்றார்கள் அவர்கள். உள்ளுணர்வை நம்பிப் போய்க் கடைசியில் எது நிறுவப்பட்டது, எது நிறுவப்படவில்லை என்று தெரியாமல் தேங்கிப்போன இத்தாலிய இயற்கணித வடிவியல் பள்ளியை எச்சரிக்கையாகக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே அதே இதழில் அட்டியா உள்ளிட்ட பலர் மறுத்தார்கள். இத்தனை கட்டுப்பாடு புதிய சிந்தனையை நசுக்கிவிடும் என்பது அவர்கள் கவலை. தர்ஸ்டன் இன்னும் ஆழமாகச் சென்று, கணிதம் என்பது மனிதர்களின் புரிதல், நிறுவல் அதன் ஒரு பகுதி என்று வாதாடினார்.

நான் இதில் பாதிவழி ஜாஃபி–குவின் பக்கம். நசுங்கிப்போகும் என்ற அச்சம் வீணானது. கடந்த முப்பதாண்டுகளில் எந்த ஊகமும் நிறுவல் கேட்டதால் வாடவில்லை. ஆனால் நிறுவலைத் துப்புரவு வேலையாகப் பார்க்கும் மனப்பான்மை உண்மையான சேதத்தைச் செய்தது. ஐந்தாம் படி வெளிக்கான கணிப்பை கிவென்டால் 1996இல் நிறுவியதாக அறிவித்தார்; 1997இல் லியான், லியூ, யாவ் தங்கள் நிறுவலை வெளியிட்டார்கள்; எது முதல் முழுமையான நிறுவல் என்ற பூசல் ஆண்டுக்கணக்கில் ஓடியது. விடை எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்கும்போது, வழியைத் திறந்தவரின் பங்கை அளக்கும் கோல் வளைந்துவிடுகிறது. வளைவரைகளை எண்ணும் கோட்பாட்டுக்கு ஃபுகாயாவும் அவர் சகாக்களும் கட்டிய அடித்தளம் நுணுக்கமாகப் படிக்கப்பட்டு விவாதிக்கப்பட்டதும் மிகத் தாமதமாகத்தான். அதற்குள் அதன்மேல் பல மாடிகள் எழும்பியிருந்தன.

இன்னொரு குறை இயற்பியல் பக்கத்தது. என் பார்வையில் இதுதான் பெரிது. வடிவியலில் கிடைத்த வெற்றியை இழைக் கோட்பாடு தன் உண்மைக்குச் சான்றாக வரவு வைத்துக்கொள்கிறது. இவ்வளவு அழகான கணிதத்தைத் தரும் கோட்பாடு இயற்கையைப் பற்றிப் பொய் சொல்லுமா என்று கேட்கிறார்கள். 31,72,06,375 என்ற எண் சரியாக இருக்க, நமது உலகில் ஆறு பரிமாணங்கள் சுருண்டிருக்கத் தேவையில்லை. எந்த இழையும் எங்கும் அதிரத் தேவையில்லை. வெளியும் அதன் ஆடி வெளியும் சோடியாக அமையும் ஆடிச் சமச்சீர் என்பது கலாபி–யாவ் வெளிகளைப் பற்றிய உண்மை. அந்த வெளிகள் இயற்கையில் உண்டா என்பதைச் சோதனைச்சாலைதான் சொல்ல வேண்டும். ஜெனீவா அருகே உள்ள பெரிய ஹாட்ரான் மோதுவி 2012இல் ஹிக்ஸ் துகளைக் கண்டது. இழைக் கோட்பாட்டுக்கு வேண்டிய மீச்சமச்சீரின் துகள் எதையும் அது இதுவரை காணவில்லை. இழைக் கோட்பாட்டின் உள்ளிணக்கத்துக்கு இந்த எண் நல்ல சோதனை என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். அதற்கு மேல் ஓர் அடிகூட இது கொண்டுபோகாது.

கடன் ஒருவழிப்பட்டதும் இல்லை. வட ஆர்க்காட்டுத் தண்டரையில் பிறந்த எம்.எஸ். நரசிம்மனும் காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரியும் சென்னை லயோலா கல்லூரியிலிருந்து பம்பாய் டாடா ஆய்வு நிறுவனத்துக்குப் போனவர்கள். 1965இல் அவர்கள் வெளியிட்ட தேற்றம், ஒரு பரப்பின் மேலுள்ள நிலையான திசையன் கற்றைகளையும் அந்தப் பரப்பின் சுற்றுக் குலத்தின் ஒருமைப் பிரதிநிதித்துவங்களையும் ஒன்றென்று காட்டியது. எந்த இயற்பியல் தூண்டுதலும் இல்லாமல் செய்த தூய வடிவியல் அது. 1983இல் டொனால்ட்சன் அதை யாங்–மில்ஸ் சமன்பாடு வழியாக மீண்டும் நிறுவினார். 1988இல் இயற்பியலர் வெர்லிண்டே அதே கற்றைகளின் வெளியில் ஒரு பரிமாணக் கணக்கைச் சூத்திரமாகக் கணித்தார். அதை நிறுவியவர்களில் ஒருவராக 1994இல் நரசிம்மனே இருந்தார், ஸ்ரவன் குமாரோடும் ரமணாதனோடும். முப்பதாண்டுகளுக்கு முன் தான் அமைத்த அடித்தளத்தின் மேல் வேறொருவர் எழுதிவிட்டுப் போன வாக்கியத்தை நிறுவ அதே மனிதர் வந்து உட்கார்ந்தார். உறவு நலமாக இருக்கும்போது வேலை இப்படித்தான் நடக்கிறது.

கோளங்களோடு கணக்கு முடியவில்லை. துளையுள்ள பரப்புகளையும் எண்ண வேண்டும். பெர்ஷாட்ஸ்கி, செக்கோட்டி, ஓகுரி, வாஃபா நால்வரும் 1993இல் அதற்கான முறையைச் சொன்னார்கள். ஹுவாங், கிளெம், குவாக்கன்புஷ் மூவரும் 2006இல் ஐந்தாம் படி வெளிக்கு 51 துளைகள் வரை எண்களைக் கணக்கிட்டு வைத்தார்கள். நிறுவல் பக்கத்தில் ஒரு துளைக்கான விடையை சிங்கர் நிறுவிய கட்டுரை 2009இல் வெளிவந்தது. இரண்டு துளைகளுக்கு குவோ, ஜாண்டா, ருவான் 2017இல் வந்து சேர்ந்தார்கள். பொதுநிலையில் இயற்பியல் நம்பியிருக்கும் அமைப்பு விதிகள் நான்கு. அதே மூவர் 2018இல் எழுதிய கட்டுரை அவற்றில் மூன்றை நிறுவியது. எஞ்சிய நான்காவது, ஆடி வெளி ஒரு புள்ளியில் கிள்ளப்பட்டுச் சிதையும் இடத்தில் கணக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பது பற்றியது. அங்கே மின்னூட்டம் கொண்ட கருந்துளை ஒன்று நிறை முழுதும் இழந்து துகளாகிவிடுகிறது என்று இயற்பியலர் காரணம் சொல்கிறார்கள். அந்தக் காரணத்துக்கு ஈடான வடிவியல் வாதத்தை அந்தக் கட்டுரை தரவில்லை.