திரையிட்ட கண்ணாடிகள்

பேய்க்கதை படித்துப் பயப்படுகிற வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். ஆனாலும் அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் எழுதிய ஒரு சின்னஞ்சிறு கதை என் மனசை விட்டுப் போக மறுக்கிறது. 1960இல் வந்த 'எல் ஆசெடோர்' தொகுதியில் இருக்கிறது அது.

கதை சொல்கிறவர் சிறு வயதில் பெரிய நிலைக்கண்ணாடிகளைக் கண்டு நடுங்கியவர். உள்ளே தெரியும் முகம் ஒரு நாள் தன் முகமாக இல்லாமல் போய்விடுமோ என்ற பயம். வளர்ந்தபின் அதை ஒரு பெண்ணிடம் சொல்லிவிடுகிறார். சில வருஷம் கழித்து, அவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டதாகச் செய்தி வருகிறது. அவள் அறைக் கண்ணாடிகளை மூடிவைத்திருக்கிறார்கள். அவற்றில் அவள் முகம் இருக்கவேண்டிய இடத்தில் அவர் முகம் தெரிகிறதாம்!

பேய் இல்லை, இருட்டு இல்லை, ஓர் அலறல்கூட இல்லை. பயம் பேச்சிலேயே தொற்றிக்கொள்கிறது. எழுத்தாளன் செய்கிற காரியமும் அதுதானே? தன் மனசில் கிடப்பதைப் பிறர் மனசில் இறக்கிவைத்துவிட்டுப் போய்விடுகிறான்.

ஆனால் முடிவில், 'இனி எனக்கென்ன' என்கிற மாதிரி அவர் கைகழுவிவிடுகிறார். அந்த அலட்சியத்தை நான் நம்பவில்லை. பார்வை போய் வெகுகாலம் ஆனபின், 1977இல் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில், தம் கெட்ட கனவுகளில் கண்ணாடி வருவதுண்டு என்று சொன்னவர் போர்ஹெஸ். அறையில் இருக்கும் கண்ணாடிக்குத் திரை போடலாம். கனவில் வருகிற கண்ணாடியை எந்தத் துணி போட்டு மூடுவது?