வெளியும் நடத்தையும்: லெவினின் இடவியல் உளவியலும் பாலைத் திணையும்

முன்னுரை

மனித நடத்தையைக் கணிதத்தின் வெளிக் கருத்துகளால் விளக்க இயலுமா என்னும் வினாவுக்கு விரிவான விடை காண முயன்றவர் கர்ட் லெவின் (1890-1947). பெர்லினில் பணியாற்றிய இவர் 1933இல் ஜெர்மனியை விட்டு அமெரிக்காவில் குடியேறினார். 1936இல் இடவியல் உளவியலின் கொள்கைகளை விளக்கும் நூலை வெளியிட்டார். நிலத்தையும் ஒழுக்கத்தையும் இணைத்துக் காணும் திணைக் கோட்பாட்டில் பயின்றோர்க்கு இம்முயற்சி அயலாகத் தோன்றாது. எனினும், 'இதனைத் தொல்காப்பியர் முன்பே கூறிவிட்டார்' என்று ஒப்பீட்டை முடித்துக்கொள்வது இரு கோட்பாடுகளுக்கும் நீதி செய்வதாகாது. லெவினின் வெளிக் கருத்து பாலையை விளக்க எந்த அளவு துணைபுரிகிறது, எவ்விடத்தில் போதாமற் போகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லெவினின் வாழ்வெளி

நடத்தை என்பது ஆளும் அவர்தம் சூழலும் சேர்ந்த ஒன்றன் சார்பு என்பது லெவினின் அடிப்படை வாய்பாடு. அவ்விரண்டும் சேர்ந்த முழுமையை அவர் வாழ்வெளி என்றார். இதனைப் படமாக்க அவர் தேர்ந்தது டோபாலஜி எனப்படும் இடவியல். நீளம், கோணம் ஆகியவற்றை விடுத்து, எது எதனோடு அடுத்துள்ளது, எல்லை எங்குள்ளது, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு வழி உண்டா என்பவற்றை மட்டும் இத்துறை கருதும். ரப்பர்த் தாளில் வரைந்த படத்தைக் கிழிக்காமல் இழுத்தால் தொலைவுகள் மாறும். அடுத்திருத்தலும் எல்லையும் மாறா.

மருத்துவனாக விரும்பும் சிறுவனின் நிலையை லெவின் இவ்வாறே விளக்குகிறார். நுழைவுத் தேர்வு, கல்லூரி, மருத்துவப் படிப்பு, பயிற்சி என்பன அவனுக்கும் அவன் இலக்குக்கும் இடையே அடுத்தடுத்துள்ள பகுதிகள். ஒன்றைக் கடவாமல் மற்றொன்றை அடைய இயலாது. தேர்வு ஒரு தடை. தேர்ச்சி ஓர் எல்லைக் கடப்பு.

இச்சிந்தனையின் வேர் 1917இல் லெவின் எழுதிய போர்நில வருணனையில் உள்ளது. முதல் உலகப் போரில் படைவீரராக இருந்த அவர், அமைதிக் காலத்தில் எல்லாத் திசைகளிலும் ஒருபடித்தாய் விரியும் நிலம், போர்முனையை நெருங்குங்கால் முன், பின் என்னும் திசையும் முடிவும் உடையதாக மாறுவதை விளக்கினார். மண் ஒன்றே, செயலுக்கேற்ப வெளி வேறுபடுகிறது.

கணிதமா, உருவகமா?

லெவினின் முயற்சி கடுமையான மறுப்புகளையும் சந்தித்தது. உளவியலார் இயற்பியல், கணிதக் கருத்துகளைத் தவறாகக் கையாளுகின்றனர் என ஐ. டி. லண்டன் 1944இல் விரிவாக வாதிட்டார். அடிப்படைச் சிக்கல் எளிதில் விளங்கக்கூடியது. இடவியலில் திசையும் தொலைவும் இல்லை. விருப்பமோ திசையும் வலிமையும் உடையது. எனவே லெவின், வழி என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு, 1934இலேயே 'வழிவெளி' என்னும் கருத்தை வகுத்திருந்தார். இதில் திசை என்பது செல்ல வேண்டிய வழியின் முதல் அடியால் தீர்மானிக்கப்படுகிறது. இஃது அவருடைய நுண்ணிய பங்களிப்பு. ஆனால், இடவியலின் தேற்றம் ஒன்றிலிருந்து ஒரு மனிதனின் அடுத்த செயலை வருவித்துக் காட்டும் நிலையை இம்முறை எட்டவில்லை. எனவே இதனை ஒழுங்குபட்ட உருவகம் எனக் கொள்வதே பொருந்தும். உருவகம் என்பதால் அது பயனற்றதாகிவிடாது.

பாலை: வழியாகிய வெளி

வழிவெளி என்னும் கருத்தின் பயனைப் பாலையில் காணலாம். அகத்திணையியல் நடுவணதாகிய பாலையை ஒழித்து ஏனைய நான்கிற்கே நிலம் பகுக்கிறது. பாலைக்கு நண்பகலும் வேனிலும் பொழுதாக உரைக்கப்படுகின்றன. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்னும் விளக்கம் சிலப்பதிகாரத்தில் வருகிறது. பொழுது உண்டு, தனி நிலம் இல்லை என்னும் இந்நிலையைக் குறையாகக் கருத வேண்டுவதில்லை. பிரிவு என்னும் உரிப்பொருள் தங்கும் இடத்தைச் சாராது, கடக்கும் வழியைச் சார்ந்தது. குறிஞ்சி ஓர் இடமெனில் பாலை ஒரு வழி எனலாம். பாலைப் பாடல்களில் சுரமும் ஆறும் மீண்டும் மீண்டும் இடம்பெறுவதற்கு இஃது ஓர் ஏற்புடைய காரணம்.

மற்றொரு வேறுபாடும் கருதத்தக்கது. உரிப்பொருள் அல்லாதவை மயங்கவும் பெறும் எனத் தொல்காப்பியம் வரையறுக்கிறது. எது எல்லை கடக்கலாம், எது கடக்கலாகாது என்பதற்கு இங்குப் பொது விதி உண்டு. லெவினின் படத்திலோ ஒவ்வோர் எல்லையின் வன்மையும் அவ்வத் தனியாளின் நிலைக்கேற்ப வெளியிலிருந்து ஊட்டப்பட வேண்டியதாகிறது.

தேய்ந்த கயிறு

இக்கோட்பாட்டின் எல்லையை நற்றிணை 284 துலக்குகிறது. பொருள்தேடப் பிரிந்த தலைவன் வினை முடியாமுன் வருந்துகிறான். தலைவியின் துயர் தீர்க்கத் திரும்புவோம் என்கிறது நெஞ்சம். எடுத்த வினையை இடையில் விடுவது இழிவு என்கிறது அறிவு. இரு களிறுகள் எதிரெதிராகப் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு போலத் தன் உடல் அழியுமோ என அவன் கலங்குகிறான். இவ்வுவமையாலேயே புலவர் தேய்புரிப் பழங்கயிற்றினார் எனப் பெயர்பெற்றார்.

லெவின் கூறும் முரண்நிலைக்கு இதனினும் பொருத்தமான சான்று அரிது. சம வலிமையுள்ள இரு விசைகள் எதிரெதிரே இழுக்கின்றன. ஆள் அசையாது நிற்கிறான். படத்தில் அவனை ஒரு புள்ளியாகக் குறித்தால் விசைகளின் கூட்டுத்தொகை சுழி. பாடலில் தலைவன் புள்ளியாக இல்லை; கயிறாக இருக்கிறான். கயிறு அசையாதிருப்பினும் அதன் இழுவிசை சுழியன்று. அதன் புரிகள் ஒவ்வொன்றாய்த் தேய்கின்றன. லெவினும் முரண்நிலையில் இறுக்கம் பெருகுவதை உணர்ந்தே எழுதினார். ஆயின் அவ்விறுக்கம் இடவியலிலிருந்து பிறந்த கருத்தன்று. வேறிடத்திலிருந்து அவர் சேர்த்துக்கொண்டது. அசைவின்மையை வெளி விளக்குகிறது. அசையாது நிற்பவன் படும் அழிவை விளக்க உடல் தேவைப்படுகிறது. கயிறு 'பழங்கயிறு' என்பதால் அதற்குக் காலமும் தேவைப்படுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால், லெவினின் வழிவெளி பாலைக்கு நிலமின்மையைப் புரிந்துகொள்ளத் துணைபுரிகிறது என்பதும், முரண்பட்ட மனத்தின் தேய்வை அதனால் மட்டும் விளக்க இயலாது என்பதும் பெறப்படும். முதற்பொருளில் நிலத்தோடு பொழுதையும் சேர்த்து வைத்த மரபு, வெளி ஒன்றே போதும் எனக் கருதவில்லை. திணையைக் கணிதக் கோட்பாட்டின் முன்னோடியாகக் காட்டுவதைவிட, அக்கோட்பாடு விட்டுவைத்த இடத்தைச் சுட்டும் சான்றாகக் கொள்வதே ஒப்பாய்வுக்குப் பயன்தரும். பிற பாலைப் பாடல்களிலும் தலைவன் எங்கே நிற்கிறான் என்பதோடு, நிற்கையில் அவனுக்கு என்ன நேர்கிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.